அறையிலிருந்து கல்விக்கூடத்திற்கு
(நால்வர் இசை பல்கலைக்கழகப் பாடமான வரலாறு)

ஆயிரவர் அமர்ந்த பேரரங்கில் முழங்கும் இசை ஒன்று. நான்கு சுவர்களுக்குள் ஒரு சிலர் இசைக்க ஒரு சிலர் கேட்கும் இசை மற்றொன்று. பின்னதை மேலை நாட்டார் 'அறை இசை' என வழங்குவர். இருவர் முதல் எண்மர் வரை இதில் பங்கு கொள்வதுண்டு. ஒவ்வொரு பகுதியையும் ஒருவரே இசைப்பார்; அவர் பிழை செய்தால் மறைப்பதற்கு அருகில் ஆள் இல்லை. கோலேந்தி முன்நின்று நடத்துவாரும் இல்லை. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு நரம்புக் கருவிகள் கூடும் நால்வர் இசை இவ்வகையின் தலையாய வடிவமாகப் போற்றப்படுகிறது.

செல்வர் மனைகளில் பொழுதுபோக்காகத் தோன்றிய இக்கலை இன்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பாக விளங்குகிறது. முனைவர் பட்டம் வரை அதற்கு இடம் உண்டு. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதனால் கலை பெற்றது யாது, பெறாமற் போனது யாது என்னும் வினாக்கள் இசைவாணருக்கு மட்டும் உரியன அல்ல. எழுதப்பட்ட பனுவலுக்கும் அது உயிர்பெறும் குரலுக்கும் இடையிலுள்ள உறவை எண்ணிப் பார்க்கும் கவிஞர் எவருக்கும் அவை உரியனவே.

அறிந்தோரும் இசைத்தோரும்

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு இசை புதிய விருந்தினர் அன்று. இடைக்காலப் பாடத்திட்டத்தில் எண்கணிதம், வடிவகணிதம், வானியல் ஆகியவற்றோடு இசையும் ஒரு துறையாக வைக்கப்பெற்றிருந்தது. ஆனால் அங்கே இசை என்றது எண்களின் விகிதங்களை ஆராயும் அறிவையே. ஆறாம் நூற்றாண்டினரான போயத்தியுஸ் தம் இசை நூலில் கருவியை இயக்குவோர், பாட்டுப் புனைவோர், இரண்டையும் அறிவால் சீர்தூக்குவோர் என மூவகையினரைப் பிரித்து, மூன்றாமவர்க்கே இசையறிஞர் என்னும் பெயர் பொருந்தும் என்றார். கையால் இசைப்பவர் கைவினைஞர்; கருத்தால் ஆய்பவரே கற்றவர். இப்பாகுபாடு பல நூற்றாண்டுகள் நிலைத்து நின்றது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஹென்றி அபிங்டன் என்பார்க்கு 1464இல் இசையில் பட்டம் வழங்கியது. அத்தகைய பட்டங்களில் அறியவருவனவற்றுள் இது மிகப் பழையது. பின்வந்த காலங்களில் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் வேண்டியோர் தாம் இயற்றிய இசைப்படைப்பைச் சான்றாக அளிக்கும் மரபு ஏற்பட்டது. இயற்றுதல் கல்வியாக ஏற்கப்பட்டது. இசைத்தலோ தேவாலயத்திற்கும் அரண்மனைக்கும் தெருவுக்கும் உரிய தொழிலாக வாயிலுக்கு வெளியே நின்றது.

மனையில் பிறந்த வடிவம்

நால்வர் இசையின் தோற்றத்தைக் குறித்து ஓர் எளிய செய்தி வழங்குகிறது. 1750களின் பிற்பகுதியில் ஆஸ்திரிய நாட்டில் ஃபூர்ன்பெர்க் என்னும் பிரபு தம் மாளிகைக்கு நால்வரை அவ்வப்போது அழைத்தார். ஒருவர் ஊர்ப் பாதிரியார். ஒருவர் பிரபுவின் நிலபுலன்களைப் பார்த்துவந்த மேலாளர். ஒருவர் செல்லோ இசைத்த ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர். எஞ்சியவர் அன்று பெயர் பெறாத இளைஞரான யோசப் ஹைடன். அந்நால்வர் இசைப்பதற்காக ஹைடன் எழுதியவையே அவருடைய முதல் நால்வர் படைப்புகள் என்று அவர் வாழ்க்கையை முதலில் எழுதிய கிரீசிங்கர் பதிவு செய்துள்ளார். கையில் கிடைத்த ஆட்களுக்கேற்ப எழுதப்பெற்ற பாடலே ஒரு பெரும் இலக்கண மரபுக்கு வித்தாயிற்று.

ஹைடன் (1732–1809) தம் வாழ்நாளில் அறுபத்தெட்டு நால்வர் படைப்புகளை இயற்றினார். தொடக்கத்தில் முதல் வயலின் பாட, ஏனைய மூன்றும் துணைசெய்தன. படிப்படியாக நான்கு குரல்களும் நிகர்நிலை எய்தின. மோட்சார்ட் தம்முடைய ஆறு நால்வர் படைப்புகளை 1785இல் ஹைடனுக்கே உரிமையாக்கி வெளியிட்டார். நான்கு அறிவுடையோர் தமக்குள் உரையாடுவதைக் கேட்பது போன்றது நால்வர் இசை என்று கவிஞர் கதே 1829இல் தம் நண்பர் செல்ட்டருக்கு எழுதினார். கவிஞர் ஒருவர் இக்கலையை உரையாடலாகக் கண்டது பொருள் நிறைந்தது. உரையாடலில் வல்லவர் பேசத் தெரிந்தவர் மட்டும் அல்லர். பிறர் பேச இடம் விடத் தெரிந்தவரும் ஆவார்.

கண்ணால் கேட்ட ஒத்திகை

இசைப்பதும் ஓர் அறிவே என்பதற்கு வரலாறு தரும் சான்றுகளுள் சிறந்தது 1825இல் வியன்னாவில் நிகழ்ந்தது. பேத்தோவன் தம் இறுதிக்கால நால்வர் படைப்புகளுள் முதலாவதை, நூற்றிருபத்தேழாம் எண் பெற்றதை, அவ்வாண்டு மார்ச்சில் அரங்கேற்றச் செய்தார். அதை இசைத்தவர் ஷூப்பன்சிக்கின் குழுவினர். 1804ஆம் ஆண்டை ஒட்டி நால்வர் இசையைப் பிரபுக்களின் மாளிகையிலிருந்து பொதுமக்கள் கட்டணம் செலுத்திக் கேட்கும் அவைக்குக் கொண்டு வந்த முன்னோடி அவர். ஆயினும் பயிற்சிக் காலம் போதாமையால் அரங்கேற்றம் தோல்வியுற்றது.

பேத்தோவன் அப்படைப்பை யோசப் பூம் என்பாரிடம் ஒப்படைத்தார். பூம் வியன்னா இசைக் கல்லூரியில் 1819 முதல் வயலின் பேராசிரியராக இருந்தவர். ஒத்திகைகளுக்குப் பேத்தோவன் வந்து ஒரு மூலையில் ஒடுங்கி அமர்ந்திருந்தார் என்றும், செவிப்புலன் அற்றுப்போன அவர் வில்களின் அசைவைக் கண்ணால் தொடர்ந்தே காலப்பிரமாணத்தின் சிறு தளர்ச்சியையும் கண்டுகொண்டார் என்றும் பூம் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இறுதிப் பகுதியின் முடிவில் ஓரிடத்தில் வேகத்தைக் குறைக்குமாறு எழுதப்பட்டிருந்தது. அது முழுமையின் விசையைத் தளர்த்துவதாகப் பூம் கருதி, வேகத்தைக் குறைக்காமலே இசைக்கத் தம் குழுவினரைப் பணித்தார். கடைசி வில்லோட்டம் ஓய்ந்ததும் பேத்தோவன் எழுந்தார். அவ்வாறே இருக்கட்டும் என்று சுருங்கக் கூறி, நான்கு ஏடுகளிலும் இருந்த அக்குறியைத் தம் கையாலேயே அடித்துவிட்டார்.

இந்நிகழ்ச்சியின் உட்பொருள் ஆழமானது. படைத்தவரின் எழுத்தை இசைத்தவரின் அறிவு திருத்தியது. படைத்தவரும் அதை ஏற்றார். போயத்தியுஸ் வகுத்த எல்லைக்கோடு அந்த அறையில் அழிந்துவிட்டது. அங்கே வில்லேந்திய கை சீர்தூக்கும் அறிவாகவும் விளங்கியது.

பூமிடம் பயின்ற மாணவருள் யோசப் யோவாகிம் (1831–1907) ஒருவர். 1869இல் பெர்லின் நகரில் அரசு இசைக் கல்லூரி நிறுவப்பெற்றபோது அதன் தலைமையை யோவாகிம் ஏற்றார். அதே ஆண்டில் தம் பெயரால் நால்வர் குழு ஒன்றையும் அமைத்தார். பேராசிரியர் பகலில் கற்பிப்பார்; மாலையில் மேடையேறித் தாம் கற்பித்ததை மெய்ப்பிப்பார். பூமின் மற்றொரு மாணவரான குரூனிடம் பயின்ற ஃபிரான்ஸ் நைசல் அட்லாண்டிக் கடலைக் கடந்தார். பாஸ்டனில் 1885இல் குழு அமைத்து, 1905இல் நியூயார்க்கில் தோன்றிய இசைக்கலைக் கழகத்தில் ஆசிரியரானார். இக்கழகமே பின்னர் ஜுலியார்ட் பள்ளியோடு இணைந்தது. மாளிகையில் தோன்றிய கலை ஆசிரியர் மாணவர் பரம்பரை வழியாகக் கல்லூரிக்குள் நுழைந்த பாதை இது. எனினும் இவை இசைக்கெனவே அமைந்த தனிக் கல்லூரிகள். பல்கலைக்கழகத்தின் வாயில் திறக்க வேறொரு சூழல் வேண்டியிருந்தது.

மேடிசனில் மூடிய வழி

புரவலர் மரபு ஐரோப்பாவில் மங்கிவந்த காலத்தில் அமெரிக்காவில் அதற்கு உயிரூட்டியவர் எலிசபெத் ஸ்பிராக் கூலிட்ஜ் (1864–1953) அம்மையார். 1918இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்டில் அறை இசை விழாவைத் தொடங்கினார். 1925இல் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திற்குள் அறை இசைக்கென ஓர் அரங்கத்தை எழுப்பி, நிலையான அறக்கட்டளையையும் நிறுவினார். நூலகத்திற்குள் இசையரங்கம் என்னும் கருத்தே புதுமையானது. ஏட்டுச்சுவடியும் ஒலியும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தன. ஷோன்பெர்கின் நான்காம் நால்வர் படைப்பு அம்மையாரின் வேண்டுகோளால் உருவாயிற்று. கோலிஷ் குழுவினர் 1937இல் அதனை அரங்கேற்றிய இடம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்.

கூலிட்ஜ் அம்மையாரின் ஆதரவைப் பெற்ற குழுக்களுள் ஒன்று பெல்ஜிய நாட்டின் 'புரோ ஆர்த்தே' நால்வர் குழு. 1912ஆம் ஆண்டை ஒட்டிப் பிரஸ்ஸல்ஸ் இசைக் கல்லூரி மாணவர்களால் தொடங்கப்பெற்று, அல்ஃபோன்ஸ் ஒன்னூ என்பாரின் தலைமையில் வளர்ந்தது. பார்டோக் தம் நான்காம் நால்வர் படைப்பை இக்குழுவுக்கே உரிமையாக்கினார். அமெரிக்கரான சாமுவேல் பார்பரின் நால்வர் படைப்பை 1936இல் ரோம் நகரில் அரங்கேற்றியவர்களும் இவர்களே. அப்படைப்பின் நடுப்பகுதிதான் பின்னர்ப் பெருங்குழுவுக்கு விரிவுபெற்று உலகெங்கும் இரங்கல் இசையாக ஒலிக்கலாயிற்று.

1940 மே மாதம் இக்குழுவினர் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் இருந்தனர். பல்கலைக்கழகம் முந்திய ஆண்டில் திறந்திருந்த புதிய அரங்கில் பேத்தோவனின் நால்வர் படைப்புகளை வரிசையாக இசைக்க வந்திருந்தனர். மே 10ஆம் நாள் ஜெர்மானியப் படை பெல்ஜியத்திற்குள் புகுந்தது. திரும்பிச் செல்ல அவர்களுக்கு நாடு இல்லாமற் போயிற்று. அந்நிலையில் பல்கலைக்கழகத் தலைவர் கிளாரன்ஸ் டைக்ஸ்ட்ரா அவர்களைப் பல்கலைக்கழகத்திலேயே தங்கிப் பணிபுரிய அழைத்தார். உறைவிடக் கலைஞர்களாக ஒரு நால்வர் குழு முழுவதையும் பெரும் பல்கலைக்கழகம் ஒன்று ஏற்றுக்கொண்டதற்கு முன்னோடி நிகழ்ச்சியாக இது மதிக்கப்படுகிறது. கல்விக் கொள்கை வகுத்து, குழு கூட்டி, பாடத்திட்டம் எழுதித் திறந்த வாயில் அன்று அது. வழி மூடிய நால்வர்க்கு ஒரு கல்விக்கூடம் திறந்த கதவு.

கதவு திறந்ததனால் துயரம் நீங்கிவிடவில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே ஒன்னூ மறைந்தார். செல்லோக் கலைஞர் ராபர்ட் மாஸ் பெல்ஜியத்தில் இருந்துவிட, இங்கிலாந்தைச் சேர்ந்த வார்விக் எவான்ஸ் அவ்விடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. ஒன்னூவின் இடத்திற்கு அந்தோனியோ புரோசா வந்தார். மூத்த உறுப்பினரான வியோலாக் கலைஞர் ஜெர்மேன் பிரேவோ மறைந்த தோழருக்காக ஒரு படைப்பு வேண்டுமென ஸ்டிராவின்ஸ்கியைக் கேட்டார். 1944இல் ஸ்டிராவின்ஸ்கி எழுதித் தந்த 'இரங்கல்' தனி வியோலாவுக்கு உரியது. ஒலியடக்கி பொருத்திய அந்த ஒற்றைக் கருவி இரண்டு குரல்களைத் தாங்கிச் செல்கிறது. நால்வருள் ஒருவர் போனபின் எஞ்சியவர் தம் குரலோடு அவர் குரலையும் சுமக்கும் நிலையை இதனினும் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது. கையறுநிலைப் பாட்டின் இயல்பை அறிந்த தமிழ்க் கவிஞர்க்கு இதன் உணர்வு அயலானது அன்று.

கோலிஷின் வகுப்பறை

1944இல் குழுவின் தலைமை ருடால்ஃப் கோலிஷிடம் வந்தது. அவரும் புலம்பெயர்ந்தவரே. இளமையில் இடக்கை நடுவிரலில் ஏற்பட்ட ஊறு காரணமாக வில்லை இடக்கையில் ஏந்தி, வயலினை மாற்றிப் பிடித்து இசைத்தவர். ஷோன்பெர்கின் மாணவர், அவருடைய மைத்துனரும் ஆவார். ஐரோப்பாவில் அவர் நடத்திய குழு ஏட்டைப் பாராமல் மனப்பாடமாக இசைப்பதில் பெயர் பெற்றது. தம் பகுதியை மட்டும் கற்றால் அது இயலாது. நால்வரும் முழுமையையும் கற்றிருத்தல் வேண்டும். கோலிஷ் 1967 வரை விஸ்கான்சினில் பணியாற்றினார். இருபத்து மூன்று ஆண்டுகள் அப்பல்கலைக்கழக மாணவர்க்கு வியன்னாவின் இசை மரபு நூலறிவாக மட்டும் அன்றி, நாள்தோறும் அருகிருந்து கேட்கும் ஒலியாகவும் கிடைத்தது.

விஸ்கான்சினைத் தொடர்ந்து பிற கல்விக்கூடங்களும் இவ்வழியை மேற்கொண்டன. 1946இல் ஜுலியார்ட் பள்ளி, தலைவர் வில்லியம் ஷூமனின் முயற்சியால், தன் பெயரிலேயே ஒரு நால்வர் குழுவை நிறுவியது. அதன் முதல் வயலின் கலைஞர் ராபர்ட் மன் 1997 வரை அவ்விடத்தில் இருந்தார். வால்டன் குழு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்திலும், கிரில்லர் குழு பெர்க்லியிலும், லாசால் குழு சின்சினாட்டியிலும் இடம் பெற்றன. லாசால் குழுவிடம் பயில வியன்னாவிலிருந்தே இளைஞர் நால்வர் கடல்கடந்து வந்தனர். அவர்களே பின்னர்ப் புகழெய்திய ஆல்பன் பெர்க் குழுவினர். போர்க் காலத்தில் வியன்னாவை விட்டு நீங்கிய மரபு அமெரிக்கக் கல்விக்கூடம் ஒன்றின் வழியாக வியன்னாவுக்கே மீண்டது. 1969இல் ஜுலியார்டில் ஜப்பானிய மாணவர் நால்வர் அமைத்த டோக்கியோ குழு, 1970களின் நடுவிலிருந்து 2013இல் கலையும் வரை யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தது.

கற்கும் முறை

தனிக்கருவிப் பயிற்சியில் ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர். அறை இசை வகுப்பிலோ மாணவர் மூவர், நால்வர், ஐவர். அவர்கள் வாரம் முழுதும் தாமே கூடி ஒத்திகை செய்வர். ஆசிரியர் குறித்த வேளையில் வந்து கேட்டு நெறிப்படுத்துவார். பெரும்பகுதிக் கல்வி ஆசிரியர் இல்லாதபோதே நடைபெறுகிறது. அங்கே மாணவர் கற்பவற்றுள் முதலாவது, தம் ஏட்டில் இல்லாததைக் கேட்டல். ஒவ்வொருவர் முன்னும் அவரவர் பகுதி மட்டுமே எழுதப்பட்டிருக்கும். எனவே நான்கு குரல்களும் அடங்கிய முழு ஏட்டைத் தனியே படித்து, எவ்விடத்தில் தம் குரல் தலைமை, எவ்விடத்தில் துணை என்பதைத் தெளிதல் வேண்டும்.

இரண்டாவது, சுருதி சேர்த்தல். பியானோவின் சுரத்தானங்கள் கட்டப்பட்டவை. வில்லிசைக் கருவிகளிலோ விரல் படும் இடமே சுரம். ஒரே சுரம் செல்லோவின் எந்த ஒலியோடு சேர்கிறது என்பதற்கேற்ப மயிரிழை ஏறவும் இறங்கவும் வேண்டும். தனித்து இசைக்கையில் சரியாக நின்ற சுரம் நால்வரிடையே பிழையாகலாம். மூன்றாவது, காலம். நடத்துநர் இன்மையால் ஒருவர் மூச்சை இழுக்கும் குறிப்பே தொடக்கத்திற்கு அடையாளம். வில்லை எடுக்கும் வேகத்திலேயே வரப்போகும் நடையின் வேகம் அடங்கியிருக்கும்.

நான்காவதை எப்பாடத்திட்டமும் எழுதிக் காட்டுவதில்லை. அதுவே கருத்து வேற்றுமையைக் கையாளும் பண்பு. இருவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமும் நின்றால் முடிவு சொல்ல ஐந்தாமவர் இல்லை. இரண்டு முறையிலும் இசைத்துப் பார்த்துச் செவியையே நடுவராக்குவர். பூம் பேத்தோவனிடம் காட்டியதும் இவ்வழியே.

பட்டமும் மதிப்பெண்ணும்

1950களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இசை நிகழ்த்துவோர்க்கெனத் தனி முனைவர் பட்டத்தைத் தோற்றுவித்தன. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈஸ்ட்மன் பள்ளி இதில் முன்னின்றது. பொதுவாக இப்பட்டத்தில் மேடை நிகழ்ச்சிகள் ஆய்வேட்டோடு ஒத்த மதிப்புப் பெறுகின்றன. ஆய்வேடு நூலகத்தில் நிற்கும், எவரும் சரிபார்க்கலாம். ஒரு மாலையில் ஒலித்து ஓய்ந்ததை எவ்வாறு சரிபார்ப்பது என்று மரபுவழி அறிஞர் வினவினர். பிறர் இசைத்ததைப் பற்றி எழுதுவது அறிவானால் தாமே இசைப்பது எவ்வாறு அறிவன்றாகும் என்று கலைஞர் வினவினர். இரு வினாக்களுக்கும் நியாயம் உண்டு. வழக்கு இன்னும் முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை.

அறை இசையில் மற்றொரு சிக்கலும் சேர்கிறது. பட்டம் தனியொருவர்க்கு உரியது. இசையோ நால்வர்க்கு உரியது. தம் குரலைத் தாழ்த்தித் தோழரின் குரலை ஒளிரச் செய்த வியோலா மாணவரின் திறமை தேர்வாளரின் செவிக்கு எட்டாமலே போகலாம். எட்டாமற் போனதே அத்திறமையின் வெற்றியாகவும் இருக்கலாம். மேலும், ஈராண்டோ மூவாண்டோ கழிந்தால் மாணவர் பட்டம் பெற்றுப் பிரிவர். ஒத்த மூச்சு கைகூடிவரும் பருவத்திலேயே பல குழுக்கள் கலைந்துவிடுகின்றன. புரவலரின் மாளிகையில் இருந்த கால நெருக்கடியற்ற நிலை கல்வியாண்டுக் கணக்கில் இல்லை. ஆயினும் பிறப்பாலோ செல்வத்தாலோ மாளிகைக்குள் நுழைய இயலாதவர்க்கும் பல்கலைக்கழகம் இக்கலையைத் திறந்துவிட்டது. இழப்பை எடைபோடுவோர் இதனையும் தட்டில் வைத்தல் வேண்டும்.

தனம்மாளின் வீடும் வெஸ்லியனும்

இவ்வரலாற்றில் தமிழகத்திற்கும் நேரான தொடர்பு ஒன்று உண்டு. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை இசைப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். பெரும்பாலும் தாளக் கருவியின் துணையின்றியே இசைப்பார். கேட்போர் சிறு அரவமும் செய்யாது அமர்ந்திருப்பர். 'அறை இசை' என்னும் சொல்லுக்கு உரைபோல அமைந்தவை அம்மாலைகள்.

அந்த அம்மையாரின் பேரர்களே நடனக் கலைஞர் பாலசரசுவதியும், மிருதங்கக் கலைஞர் ரங்கநாதனும், குழல் கலைஞர் விசுவநாதனும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1962இல் பாலசரசுவதி கற்பித்தார். 1963இல் ரங்கநாதன் அங்கே உறைவிடக் கலைஞராக அமர்ந்தார். பின்னர் விசுவநாதனும் அங்கு ஆசிரியரானார். இராக ஆலாபனையை ஆய்ந்து 1975இல் அப்பல்கலைக்கழகத்திலேயே முனைவர் பட்டமும் பெற்றார். இசைத்த கையும் ஆய்ந்த மதியும் ஒருவரிடமே கூடிய நிலை அது. அங்குப் பயின்ற ஜான் ஹிக்கின்ஸ் தமிழகம் வந்து பாடி, பாகவதர் என அழைக்கப்பெறும் தகுதி எய்தினார். ஜார்ஜ் டவுன் வீட்டின் அமைதி மிடில்டவுன் நகரத்து வகுப்பறையில் மீண்டும் வாழ்ந்தது.

மேடிசனுக்கு வந்தோர் போரால் தள்ளப்பட்டு வந்தனர். வெஸ்லியனுக்கு வந்தோர் அழைப்பை ஏற்று வந்தனர். எனினும் இரண்டிலும் நிகழ்ந்தது ஒன்றே. ஒரு குடும்பத்தின், ஒரு சிறு குழுவின் செவிகளில் மட்டும் தங்கியிருந்த அறிவு அடுத்த தலைமுறையின் அயலார் செவிகளைச் சென்றடைந்தது.

நிறைவாக

புரோ ஆர்த்தே குழு 2012இல் நூற்றாண்டைக் கண்டது. தொடங்கியவருள் எவரும் அப்போது இல்லை, நாடும் மாறிவிட்டது, நான்கு இருக்கைகளிலும் ஆட்கள் பலமுறை மாறிவிட்டனர். மாறாமல் நின்றவை நான்கு இருக்கைகளும், அவற்றில் அமர்வோர் ஒருவரையொருவர் கேட்க வேண்டும் என்னும் விதியுமே. பல்கலைக்கழகம் இக்கலைக்கு அளித்த பெருங்கொடை பட்டம் அன்று. ஒருவர் எழுந்து சென்றால் அடுத்தவர் வந்து அமர்வதற்கு ஓர் இருக்கையைக் காத்து வைத்ததே அக்கொடை.

சிலர் கூடி அமர்ந்து ஒருவர் கவிதையை மற்றவர் கேட்டும் திருத்தியும் வளரும் இலக்கிய வட்டங்களும் ஒருவகை அறை இசையே. தம் குறியைத் தாமே அடித்துவிட்ட பேத்தோவனின் செவிச்செல்வம் அங்கு அமர்வோர் யாவர்க்கும் வாய்க்குமாக.